நான்கு பேர், ஒரு மெல்லிய லைன்: கிராமத்து பிராட்பேண்டைச் சமாளிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: கிராமத்தில் வீடு. தொலைபேசிச் செம்புக் கம்பி வழியாக வரும் பிராட்பேண்ட். பதிவிறக்கம் விநாடிக்கு 4 மெகாபிட், பதிவேற்றம் அரை மெகாபிட். வீட்டில் நான்கு பேர். ஒருவருக்கு வீட்டிலிருந்தே அலுவலக வேலை. அவர் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது வேறு யாராவது எதையாவது திறந்தால் குரல் துண்டு துண்டாகிறது, சில நேரம் அழைப்பே அறுந்துவிடுகிறது. இதற்கு மேல் வேகம் தர வழியில்லை என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது. இந்த லைனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஏறக்குறைய இதே அளவு லைனில் பல வருடங்கள் வேலை செய்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களை வதைப்பது வேகக் குறைவு மட்டுமல்ல. பெரும்பாலும் அது முதல் காரணமும் அல்ல.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஜூம் நிறுவனம் தன் பயனர்களுக்குச் சொல்லும் அளவுப்படி, குரல் மட்டும் போவதற்கு விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். திரையைப் பகிர்வதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இருவர் முகம் பார்த்துப் பேசும் நல்ல தரமான வீடியோவுக்கு இரு திசையிலும் 600 கிலோபிட் வேண்டும். உங்களிடம் கீழே வர 4,000 கிலோபிட் இருக்கிறது. மேலே போக 500தான் இருக்கிறது. ஆகவே நீங்கள் மற்றவர்களின் முகத்தைப் பார்க்கலாம்; உங்கள் முகத்தை நல்ல தரத்தில் அனுப்ப முடியாது. கேமராவை அணைத்துவிட்டுக் குரலையும் திரையையும் மட்டும் அனுப்பினால், உங்கள் பதிவேற்றத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் செலவாகாது. அப்படியும் குரல் உடைகிறது என்றால், உடைப்பது எது?

வரிசை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கிராமத்து லைன்களில் பாதித் துன்பம் இதிலிருந்துதான் வருகிறது. இதைப் பற்றி வாடிக்கையாளர் சேவையில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத நேரத்தில், கணினியில் பிங் கட்டளையைத் தொடர்ந்து ஓட விடுங்கள். ஒரு சிறு செய்தி போய்ப் பதில் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அது காட்டும். பதில் வர 30 அல்லது 40 மில்லி விநாடி ஆகும். இப்போது கைபேசியிலிருந்து ஒரு வீடியோவை யாருக்காவது அனுப்புங்கள். பிங் எண் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்: 300, 900, 2,000, அதற்கும் மேல். வீடியோ போய்ச் சேர்ந்ததும் பழையபடி 40க்கு இறங்கிவிடும். உங்கள் குரல் அறுந்த காரணம் இதுதான். லைனில் இடம் இருக்கிறது. ஆனால் உங்கள் குரலைச் சுமக்கும் பாக்கெட் (இணையத்தில் தரவு போகும் சிறு பொட்டலம்) அந்த வீடியோவின் நூற்றுக்கணக்கான பாக்கெட்டுகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது.

எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்கிடுவது எளிது. அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட்டுகளைத் தேக்கிவைக்க மோடத்துக்குள் 256 கிலோபைட் அளவுக்கு இடைநினைவகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 2,048 கிலோபிட். விநாடிக்கு 512 கிலோபிட் என்று அதைக் காலி செய்ய 4 விநாடி ஆகும். நகரத்தில் 100 மெகாபிட் லைன் வைத்திருப்பவருக்கு அதே நினைவகம் 20 மில்லி விநாடியில் காலியாகிவிடும். அவருக்கு இந்த நோய் இருப்பதே தெரியாது. கருவிகளை வடிவமைப்பவர்கள் அவரை மனத்தில் வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள்.

இது புதிய பிரச்சினையும் அல்ல. 1986 அக்டோபரில், அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த தரவு 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி அறுந்துவிடவில்லை, நெரிசல். வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் அதை ஆராய்ந்து 1988இல் ஒரு தீர்வு சொன்னார்: பாக்கெட் தொலைந்தால் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இணையம் இன்றும் பெருமளவு அந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது. பின்னால் நினைவகச் சில்லுகள் மலிவானதும், பாக்கெட் எதுவும் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் மோடத்துக்குள் பெரிய பெரிய நினைவகங்களை வைத்தார்கள். தொலைவதே இல்லை என்றால் வேகத்தைக் குறை என்ற செய்தி அனுப்புகிறவருக்கு எப்படிப் போகும்? அவர் மேலும் மேலும் அனுப்புகிறார், வரிசை நீள்கிறது. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற கணிப்பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டுபிடித்து 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டு எழுதத் தொடங்கினார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் அதே ஜேக்கப்சனும் 'கோடெல்' என்ற வரிசை மேலாண்மை முறையை வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்தவைதான் 'எஃப்கியூ-கோடெல்', 'கேக்' ஆகிய இரண்டும். இவை இலவசமாகக் கிடைக்கின்றன.

உங்களுக்கு வேண்டியது இவற்றில் ஒன்று ஓடக்கூடிய ரவுட்டர், அதாவது மோடத்துக்கும் வீட்டுக் கருவிகளுக்கும் நடுவே நிற்கும் பெட்டி. ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய பழைய ரவுட்டர்கூடப் போதும். 4 மெகாபிட்டை நிர்வகிக்கப் பெரிய செயலி தேவையில்லை. அதில் 'எஸ்கியூஎம்' என்ற வரிசை மேலாண்மைப் பகுதியை நிறுவி, இரண்டு எண்களைக் கொடுக்க வேண்டும். அங்கேதான் பலர் தயங்குவார்கள்: அளந்து பார்த்த வேகத்தைவிடக் குறைவாகக் கொடுக்க வேண்டும். பதிவேற்றம் 500 கிலோபிட் என்றால் 430 என்றும், பதிவிறக்கம் 4,000 என்றால் 3,500 என்றும் கொடுங்கள். இருப்பதே கொஞ்சம், அதிலும் குறைப்பதா என்று மனம் ஒப்பாது. ஆனால் அப்படிக் குறைத்தால்தான் வரிசை மோடத்துக்குள் சேராமல் ரவுட்டரில் சேரும். ரவுட்டருக்குத்தான் யாரை முன்னே விடுவது என்று தெரியும். அது ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து, முறை போட்டு வாய்க்காலில் தண்ணீர் விடுவதுபோல் மாறி மாறித் திறந்துவிடுகிறது. சிறிய குரல் பாக்கெட் வந்ததும் முன்னால் போய்விடுகிறது. வீடியோ சற்று மெதுவாகப் போகும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஏடிஎஸ்எல் (தொலைபேசிச் செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் தரும் தொழில்நுட்பம்) லைன் என்றால் இன்னொரு அமைப்பையும் கவனியுங்கள். அந்தத் தொழில்நுட்பம் தரவை 53 பைட் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொன்றிலும் 5 பைட் முகவரிக்கே போய்விடும். எஸ்கியூஎம் அமைப்புப் பக்கத்தில் இணைப்பு வகை என்ற இடத்தில் 'ஏடிஎம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, மேற்செலவு 44 பைட் என்று கொடுத்தால் ரவுட்டரின் கணக்கு சரியாக இருக்கும். இதைச் செய்த பிறகு பழைய சோதனையை மறுபடி செய்து பாருங்கள். வீடியோ போய்க்கொண்டிருக்கும்போதும் பிங் 100க்குள் நிற்க வேண்டும். 40லிருந்து 80 வரை ஆடினால் கவலைப்படாதீர்கள். அரை மெகாபிட் லைனில் ஒரு முழு பாக்கெட் வெளியேறவே 24 மில்லி விநாடி ஆகும்.

ரவுட்டரை மாற்ற இப்போது வசதியில்லை என்றால், வரிசையில் நிற்பவர்களைக் குறைக்கலாம். கேட்காமலே பதிவேற்றுகிறவர்கள் நம் வீட்டில் பலர் இருக்கிறார்கள். கைபேசி எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் மேகக் கிடங்குக்கு அனுப்புகிறது. 4 மெகாபைட் படம் ஒன்று அரை மெகாபிட் லைனில் போக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு விழாவுக்குப் போய் 100 படம் எடுத்து வந்தால், வீடு திரும்பியதும் ஏறக்குறைய 1 மணி 47 நிமிடத்துக்கு லைன் அடைபட்டிருக்கும். யாருக்கும் காரணம் தெரியாது. "இன்று நெட் சரியில்லை" என்று சொல்லிக்கொள்வோம். படக் காப்பைச் செயலியிலேயே நிறுத்திவைத்துப் படுக்கப் போகும் முன் திறந்துவிடுங்கள். கண்காணிப்புக் கேமரா இருந்தால் அது மேகத்துக்கு அனுப்பாமல் உள்ளேயே அட்டையில் பதிவு செய்யட்டும். விண்டோஸ் கணினி, தான் இறக்கிய புதுப்பிப்புகளை இணையத்தில் உள்ள முகம் தெரியாத கணினிகளுக்கும் பகிரக்கூடியது; 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' அமைப்பில் அதை வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிடுங்கள். இது நல்ல வசதியும்கூட: ஒரு கணினி இறக்கியதை மற்றொன்று உள்ளேயே வாங்கிக்கொள்ளும். அதே கணினியில் வைஃபை இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவைத்தால் பெரும்பாலான புதுப்பிப்புகள் நீங்கள் சொல்லும்வரை காத்திருக்கும்.

இனி லைனுக்கு வருகிறேன். "இதற்கு மேல் முடியாது" என்று நிறுவனம் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். சரிபார்க்க உங்களாலேயே முடியும்.

முதலில் வைஃபையை விலக்குங்கள். மோடத்திலிருந்து ஈதர்நெட் கேபிளை நேரடியாகக் கணினியில் செருகி வேகத்தைப் பாருங்கள். கேபிளில் 4 வந்து படுக்கையறையில் 1 வந்தால் குற்றவாளி சுவர். கனத்த கல், மண் சுவர்களை வைஃபை கடப்பது கடினம். கேபிள் இழுத்து அந்தப் பக்கம் இன்னொரு வைஃபைப் பெட்டி வைப்பதுதான் நிலையான தீர்வு. சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் மலிவான ரிப்பீட்டர்களை நான் பரிந்துரைப்பதில்லை.

கேபிளிலும் மெதுவாகவே இருந்தால் மோடத்தின் நிலைப் பக்கத்தைத் திறங்கள். அங்கே மூன்று எண்கள் முக்கியம்: இணைப்பு வேகம், சிக்னல் இழப்பு, இரைச்சல் இடைவெளி (இரைச்சலைத் தாங்க லைனில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது). சிக்னல் இழப்பு கம்பியின் நீளத்தைச் சொல்கிறது. தோராயமாக ஒரு கிலோமீட்டருக்கு 13.8 டெசிபல் என்று கணக்கு. 55 என்று காட்டினால் தொலைபேசி நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்குக் கம்பி நீளம் சுமார் 4 கிலோமீட்டர். ஏடிஎஸ்எல்2+ தொழில்நுட்பத்தின் உச்சமான 24 மெகாபிட் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான். 4 கிலோமீட்டரில் 4 மெகாபிட் வருவது இயல்பு, நிறுவனம் சொன்னது உண்மை. ஆனால் அந்த எண் 35 என்று காட்டியும் 4தான் வருகிறது என்றால், எங்கோ பழுது இருக்கிறது. நீளத்தை மாற்ற முடியாது, பழுதை மாற்றலாம்.

பழுது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். வெளியிலிருந்து கம்பி நுழையும் முதல் பெட்டியில், மற்ற எல்லா நீட்டிப்புகளையும் கழற்றிவிட்டு, மோடத்தை நேராக இணைத்துப் பாருங்கள். அறை அறையாக இழுத்துவிட்ட பழைய தொலைபேசி வயர்களே ஆன்டெனாபோல் இரைச்சலை வாங்கிக் கொடுக்கும். அங்கேயும் எண்கள் மாறாவிட்டால், சாதாரணத் தொலைபேசியைக் காதில் வைத்துக் கேளுங்கள். கரகர என்று சத்தம் வந்தால், வெளியே ஏதோ ஓர் இணைப்புப் பெட்டியில் ஈரம் இறங்கியிருக்கலாம், செம்பு பச்சை பூத்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஆனது. பிராட்பேண்ட் மெதுவாக இருக்கிறது என்று மாதக்கணக்கில் புகார் கொடுத்தும் நகராத வேலை, தொலைபேசியில் கரகரப்பு என்று கொடுத்த அன்றே நகர்ந்தது. வந்த ஊழியர் கம்பத்தில் இருந்த ஓர் இணைப்பை வெட்டிப் புதிதாகப் போட்டார். இணைப்பு வேகம் அந்த இடத்திலேயே கூடியது. கரகரப்பு இருந்தால் புகாரில் அதையே முதலில் சொல்லுங்கள்.

மாலையில் மட்டும் மெதுவாகிறது என்றால் அது வேறு. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டையும் பிரித்தறிய வேண்டும். சூரியன் மறைந்த பிறகு மத்திய அலை வானொலி நிலையங்களின் அலைகள் வானில் பட்டு வெகுதூரம் வருகின்றன. ஏடிஎஸ்எல் பயன்படுத்தும் அலைவரிசையில் ஒரு பகுதியும் அதுவே என்பதால் நீளமான கம்பிகளில் இரவில் இரைச்சல் கூடும். அப்போது மோடம் காட்டும் இணைப்பு வேகமே குறையும் அல்லது லைன் விட்டு விட்டு வரும். இணைப்பு வேகம் பகலில் இருந்த அதே எண்ணைக் காட்டிக்கொண்டு, உண்மையான பதிவிறக்கம் மட்டும் விழுந்தால், உங்கள் கம்பி நலமாக இருக்கிறது. நிறுவனத்தின் பின்பக்க இணைப்பில், அதாவது தொலைபேசி நிலையத்துக்கு அப்பால், நெரிசல். ஒரு வாரம் காலை, பிற்பகல், இரவு என்று மூன்று வேளை இந்த இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் எதிர்முனையில் இருப்பவர் 'மோடத்தை அணைத்துப் போடுங்கள்' என்பதோடு நிறுத்த முடியாது. அணைத்துப் போடுவதையும் அளவோடு செய்யுங்கள். சில நிறுவனங்களின் கருவிகள் அடிக்கடி அறுபடும் லைனைப் பலவீனமான லைன் என்று கருதித் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.

பழக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1 ஜிகாபைட் கோப்பு 4 மெகாபிட் லைனில் இறங்க 33 நிமிடத்துக்கு மேல் ஆகும்; அதை இரவில் விடுங்கள், நின்ற இடத்திலிருந்து தொடரத் தெரிந்த பதிவிறக்க மென்பொருளில் விடுங்கள். வீடியோவை 480பி தரத்தில் நிறுத்திவையுங்கள். விளம்பரத் தடுப்பான் போட்டால் செய்திப் பக்கங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு விரைவாகத் திறக்கும். அஞ்சலை உலாவியில் பார்க்காமல் தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் வைத்தால், பழைய கடிதத்தைத் தேட லைன் தேவையில்லை. படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கிவிக்ஸ் மென்பொருளை அவசியம் பாருங்கள். விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கி வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். வேகமான இணைப்பு உள்ள இடத்தில் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து வந்தால் போதும். தேர்வு நேரத்தில் லைன் செத்தாலும் பிள்ளையின் படிப்பு நிற்காது. இணைய வேகத்தைப் பெருக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை மட்டும் நிறுவாதீர்கள். கம்பியில் வராததை மென்பொருள் கொண்டுவராது.

இத்தனையும் செய்து போதவில்லை என்றால் இரண்டாவது வழி தேட வேண்டும். கைபேசி கோபுரம் எட்டும் இடமானால் சிம் போடும் 4ஜி ரவுட்டர்தான் முதல் தேர்வு. அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரவுட்டர் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண் -80க்கு அருகில் இருந்தால் நல்ல சிக்னல், -110 என்றால் மிகப் பலவீனம். எஸ்ஐஎன்ஆர் என்ற எண் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னலின் தெளிவு) 20ஐத் தொட்டால் அருமை, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பயனில்லை. கோபுரம் பார்த்த ஜன்னல், மாடி, கூரை என்று வெவ்வேறு இடங்களில் வைத்து இவற்றைப் பாருங்கள். வெளி ஆன்டெனா வாங்கினால் இரண்டு உள்ளீடுகளுக்கும் சேர்த்து வாங்குங்கள், கேபிளைக் குட்டையாக வையுங்கள். நீளமான மெல்லிய கேபிள், ஆன்டெனா சேர்த்ததைத் தின்றுவிடும். 4ஜி வந்துவிட்டது என்று பழைய லைனை உடனே துண்டிக்காதீர்கள். அலுவலக அழைப்பை ஒன்றிலும் வீட்டாரின் வீடியோவை மற்றொன்றிலும் பிரித்துவிடுவது, இரண்டையும் ஒன்றாகப் பிணைக்க முயல்வதைவிட எளிது, நம்பகமானது.

கோபுரமும் எட்டாத இடத்தில் செயற்கைக்கோள் மிச்சம். அதில் இரண்டு வகையை ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. பழைய வகைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. உங்கள் கேள்வி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்க, ஒளியின் வேகத்திலேயே அரை விநாடி போய்விடும்; எவ்வளவு மெகாபிட் தந்தாலும் உரையாடலில் அந்த இடைவெளி நிற்கும். ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி விநாடிக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் வேலை கூட்டங்களில் பேசுவது என்பதால், செயற்கைக்கோள் எடுப்பதானால் இந்த இரண்டாம் வகையை மட்டும் பாருங்கள். வானம் மரக்கிளை மறைக்காமல் திறந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. பக்கத்து வீடுகளில் மோடம் என்ன எண் காட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு 8 வந்து உங்களுக்கு 4 வந்தால் பழுது உங்கள் கம்பியில்தான். எல்லாருக்கும் ஒரே கதி என்றால் பத்து வீட்டார் சேர்ந்து எழுதும் கடிதத்துக்குத் தனிப் புகாரைவிட எடை அதிகம். கடிதத்தோடு நிற்காதவர்களும் உண்டு. ஸ்பெயினில் கத்தலோனியாவின் கிராமப்புறத்தில் 2004இல் தொடங்கிய குய்ஃபி-நெட், வீட்டுக்கு வீடு கம்பியில்லா இணைப்பு கொடுத்து வளர்ந்தது. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011இல் தொடங்கிய 'பி4ஆர்என்' அமைப்பில் ஊர்க்காரர்களே வயல் வழியாகப் பள்ளம் தோண்டிக் கண்ணாடி இழை பதித்தார்கள். நிலத்துக்காரர்கள் பாதை விட்டுக்கொடுத்தார்கள்.

உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் நல்ல இணைப்பு உள்ள ஒரு கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், 5 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லாப் பாலம் ஒன்றைப் போடுவதைப் பற்றி யோசிக்கலாம். கட்டடம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது: 5 கிலோமீட்டர் பாதையின் நடுப்பகுதியில் அலைக்குச் சுமார் 8 மீட்டர் ஆரமுள்ள இடம் வேண்டும், அதில் 60 சதவீதமாவது மரமோ கூரையோ இல்லாமல் இருக்க வேண்டும். இன்று தொட்டும் தொடாமலும் நிற்கும் மரம் இரண்டு மழைக்காலத்தில் குறுக்கே வந்துவிடும். ஆன்டெனா நிற்கும் கம்பத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும்போதே அந்த வளர்ச்சியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இணைப்பைப் பகிர்ந்துகொள்ள அந்தக் கட்டடத்துக்கு இணைப்பு தரும் நிறுவனத்தின் ஒப்பந்தமும், அந்த அலைவரிசையைப் பயன்படுத்த உங்கள் நாட்டுச் சட்டமும் இடம் தருகின்றனவா என்பதை, கருவி வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.